கூரைத் தண்ணீர்

மழை விட்ட மறுநாள் காலை, தம்பி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்து அக்காவின் வாசலில் வைத்தான். வாளி நிறையச் செத்த மீன்கள்.

அக்காவின் மாட்டுப் பண்ணை சரிவின் உச்சியில் இருந்தது. சரிவு முழுக்க அவளுடைய தீவனச் சோளம். அடியில் தம்பியின் மீன் குளம். அந்தச் சரிவில் விழுகிற மழைக்கு அந்தக் குளத்தைத் தவிர வேறு போக்கிடமே கிடையாது.

"பாருக்கா, உன் சாணித் தண்ணி பண்ணின வேலையை."

"என் சாணிக் குழிக்கு மேல தகரம் போட்டிருக்கேன், சுத்திக் கரை கட்டியிருக்கேன். ஒரு சொட்டு வெளிய வராது. நீ மீனுக்குத் தீனியை அள்ளிக் கொட்டியிருப்பே."

"அப்போ குளம் ஏன் பாலில்லாத டீ மாதிரி கிடக்கு?"

பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் நுரை வாயோடு எட்டிப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அப்புறம் என்று சொல்வதால், குடும்பத்தில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர். "விடு மாப்ள, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"மீன் அப்புறம் சாகுறேன்னு சொல்லலையே மச்சான்" என்று சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தம்பி இறங்கிப் போனான். வாளியையும் எடுத்துப் போகவில்லை. மீன்களைப் புதைக்கும்போது அவளுக்குக் கோபத்தைவிட அவன் எதுவும் குடிக்காமல் போனதுதான் உறுத்தியது. சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுகிறவன் அவன்.

அடுத்த மழை ஒரு மத்தியானம் பிடித்தது. தன் பக்கம் தப்பில்லை என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே, ஒரு சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றாள். குழியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. "வரட்டும் அவன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நீளமான கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் திரைச்சீலை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது மாடுகள் நிற்கிற முற்றத்தில். அங்கே கிடந்த சாணியையும் மூத்திரத்தையும் சுத்தமாகக் கழுவி வாரிக்கொண்டு சோளக்காட்டுக்குள் புகுந்தது. காட்டிலோ, 'அப்புறம்' மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் உழுதிருந்தார். ஒவ்வொரு உழவுச் சாலும் ஒரு சாக்கடையாக ஓடியது.

அவள் அந்தத் தண்ணீரோடே இறங்கினாள். குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீரில் கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று தம்பி கரையில் நின்று ஒரு கழியால் அடித்துக்கொண்டிருந்தான்.

"குழி இல்லடா. கூரை" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. கிடந்த இன்னொரு கழியை எடுத்துக்கொண்டு அவளும் அடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "மழைக்காலம் முடியட்டும், அப்புறம்…" என்று கணவர் ஆரம்பித்தார்.

"அப்புறம்னா குளத்துல மீன் இருக்காது, எனக்குத் தம்பியும் இருக்கமாட்டான்" என்றாள். அன்றைக்கே அவர் தகரவேலைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்.

தகரவேலைக்காரர் வந்து கூரை விளிம்பு நெடுக ஒரு தகர வாய்க்கால் பொருத்தினார். கூரைத் தண்ணீர் முற்றத்தை மிதிக்காமல் கொட்டகையின் பின்பக்கம் போய்விடும். வேலை முடிந்து பளபளவென்று நின்றதைப் பார்த்து, "மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். சோளம் அறுத்த பிறகு சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள். குளத்துக்கு மேலே ஒரு அகலமான பட்டையை உழாமல் புல்லுக்கு விட்டபோதுதான் கணவருக்கு மனசு கேட்கவில்லை.

"நல்ல மண்ணுல போய் புல்லா?"

"ஏன், நம்ம மாடு புல்லு திங்காதா?"

புல் தரையைப் பிடிக்கும்வரை வானம் பொறுத்திருந்தது நல்லகாலம்தான். பிறகு வந்தது பெரிய மழை. தகர வாய்க்காலில் ஒரு இணைப்பு பிய்ந்துகொண்டது. அக்கா ஏணியில் ஏறிச் சாக்குத் துணியால் இறுக்கிக் கட்டினாள். முற்றத்திலும் கொஞ்சம் சாணி கரையத்தான் செய்தது. ஆனால் புல்லைத் தாண்டி வந்த தண்ணீர் செம்மண் நிறமாகத்தான் இருந்தது. தம்பி கையில் அள்ளி மோந்து பார்த்தான். "மண்ணு வாசனைதான் வருது" என்றான். ஒன்றிரண்டு மீன்கள் மேலே வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போயின.

மழை ஓய்ந்ததும் அவன் மேலே வந்து கொட்டகையைச் சுற்றி நடந்தான். பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்த கூரைத் தண்ணீரைப் பார்த்தான்.

"இது எங்க போகுது அக்கா?"

"சும்மா அந்தப் பக்கத்து ஓடைக்குப் போகுது."

"நல்ல தண்ணிய ஏன் வீணாக்குற? ஒரு குழாய் போட்டு என் குளத்துக்கு விடேன்."

"அடப்பாவி! அன்னைக்கு வாளியோட வந்து நின்னவன் நீதானே?"

"அது முற்றம் கழுவின தண்ணி. இது வேற."

அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அந்த வாரமே குழாய் போட்டார்கள். பள்ளம் தோண்டியது தம்பி. எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று ஒவ்வொரு வளைவிலும் அவனோடு சண்டை போட்டது அக்கா. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் முற்றத்துச் சாணியை வழித்துவிடுவாள். சில நாள் தம்பியும் வந்து கூட நின்று வழித்தான்.