சயனைடு மேட்டில் ஒரு சதுரம்

ஸ்வப்னாவின் களப்பணி நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஷைலா மேடம் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது.

"சயனைடு டம்ப்ல என்னம்மா சூழலியல்? அது செத்த மண்ணு. காலேஜ் தோட்டத்துல சதுரச் சட்டத்த வெச்சு, உள்ள இருக்கிற செடிய எண்ணிட்டு வா. எல்லாரும் அதானே பண்ணாங்க?"

ஸ்வப்னாவுக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வருகைக்குப் பெயர் கூப்பிட்டால்கூட அவள் குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் அவள் ஊரான தங்கவயலைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்: செத்த ஊர். அவள் பிறந்ததே தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகுதான்.

"ஒரு வாட்டி வந்து பாருங்க மேடம்," என்றாள். "அப்புறம் சொல்லுங்க."

மேடத்தின் கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

சனிக்கிழமை மாலை மேடம் அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கோரமண்டல் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், சயனைடால் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு கொட்டிய அரைத்த மண் சாம்பல் நிறத்தில் மலையாக நின்றது. அதன் அடியில் ஸ்வப்னா தன் மரச்சட்டத்தை வைத்தாள். சட்டத்துக்குள் அறுகம்புல், ஓர் எருக்கஞ்செடி. எருக்க இலையை ஒரு வரிப்புழு அரித்துக்கொண்டிருந்தது. கல்லின் மேல் ஓர் ஓணான் தலையை ஆட்டியபடி புழுவையே பார்த்தது.

"செடி, செடிய தின்ற புழு, புழுவ தின்ற ஓணான். உணவுச் சங்கிலி மேடம்."

மேடம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. ஸ்வப்னாவின் அம்மா ரத்தினம்மா துணி அலசிய தண்ணீரைப் பக்கெட்டோடு தூக்கி வந்தாள்.

"தள்ளிக்கோங்க மேடம், புடவைல பட்டுடப் போவுது!"

தண்ணீர் மேட்டடியில் பரவியது. பக்கத்து வீட்டுத் தாயம்மாவும் ஒரு பக்கெட்டை வீசினாள்.

"தினமும் ஊத்துவீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"ஊத்தலன்னா காத்துக்குத் தூசி சோத்துலதான் வந்து வியும். லைன் பூரா ஊத்துவாங்க," என்றாள் ரத்தினம்மா.

மேடம் ஸ்வப்னாவின் பக்கம் திரும்பினார். "இத நீ சொல்லவே இல்லியே? இங்க புல்லு வருமா வராதான்னு முடிவு பண்றதே தண்ணிதான். அதையே விட்டுட்ட. இது தானா வந்த புல்லு இல்ல, உங்கம்மா வளத்தது. போச்சு போ."

ஸ்வப்னாவுக்குக் காது சுட்டது. மேடம் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர், அதனாலேயே கண்ணில் படவில்லை.

"வுட்டது தப்புதான் மேடம், சேத்துக்கிறேன்," என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "காலேஜ் தோட்டத்துக்கும் ஓஸ் புடிச்சு ஊத்துறாங்க. அத யாருமே எழுதல, நீங்களும் கேக்கல. எங்கம்மா ஊத்தினா மட்டும் இன்னாத்துக்குப் போச்சு? மனுஷனும் சூழல மாத்துற உயிர்க்காரணின்னு நீங்கதான் நடத்தினீங்க."

"அப்படிப் போடு!" என்றாள் தாயம்மா.

மேடம் சிரிக்கவில்லை. "சரி. தண்ணி படாத எடத்துல என்ன இருக்கு?"

"பாக்கல."

"பாக்காம எப்படி ஒத்துக்கறது?"

ஸ்வப்னா சட்டத்தை உருவித் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினாள். மண் சறுக்கியது. ஒரு செருப்பு கழன்று கீழே உருண்டது.

"ஏய், வியுந்து தொலையப் போற, எறங்குடி!" என்று அம்மா கத்தினாள்.

பக்கெட் தண்ணீர் எட்டாத உயரத்தில் சட்டத்தை வைத்து மண்டியிட்டாள். புல் இல்லை, புழு இல்லை, எறும்புகூட இல்லை. வெறும் சாம்பல் பொடி. அவள் எழுந்து நின்றாள்.

"ஒண்ணுமே இல்ல மேடம்!" அடுத்த பெஞ்சைத் தாண்டாத குரல் லைன் வீடுகளின் தகரக் கூரைகளைத் தாண்டிப் போனது. "இங்க ஒண்ணுமே இல்ல! கீழ கீறதெல்லாம் நாங்க வளத்தது! அத எழுதித்தான் குடுப்பேன்!"

கீழே மேடம் கைப்பையைத் திறந்து கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சதுரத்தையும் எழுது," என்று அண்ணாந்து சொன்னார். "உங்கம்மா பேரையும் போடு. இப்ப எறங்கு."

ஸ்வப்னா உடனே இறங்கவில்லை; லைன் நெடுக மேட்டடியில் ஓடிய பச்சைக் கோட்டை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.