பலூனுக்கு அடியில் ஒரு ஜன்னல்

"கண்ணை மூடுங்க" என்றாள் மனைவி.

சனிக்கிழமை சாயங்காலம். மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தார் அவர். பகல் முழுக்க மற்றவர்களைக் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று கேட்கிற தொழில். அவரையே கண்ணை மூடச் சொன்ன ஆள் இதுவரை யாருமில்லை. பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வந்தால் கைப்பையை மேஜையில் வீசிவிட்டு மின்விசிறிக்கு அடியில் போய் விழுகிறவள், இன்று நடுக்கூடத்தில் நின்றிருந்தாள். முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்திருந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூடினார்.

"கையை நீட்டுங்க. ரெண்டு கையும்."

நீட்டினார். வழவழவென்று, விறைப்பாக, ஒரு தகடு உள்ளங்கைகளில் வந்து உட்கார்ந்தது.

"இப்ப பாருங்க."

பார்த்தார். மழைக்கோட்டும் துப்பாக்கியுமாகக் காமிக்ஸ் துப்பறிவாளன் நடுத்தெருவில் நின்றிருந்தான். எப்போதும் நிற்கிற அதே தெருதான். ஆனால் அவன் மார்புக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு பளபளத்தது. கையை அசைத்தார். கோடும் அசைந்தது. மேலே எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டின் பிம்பம் அது என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"லேமினேஷன்!" என்றாள். "நீங்கதானே ஓயாம சொல்வீங்க, காத்து படக்கூடாது, ஈரம் படக்கூடாது, பூச்சி தொடக்கூடாதுன்னு? இனிமே மழையில வீசினாலும் ஒண்ணும் ஆகாது. நாளைக்கு அந்தம்மா வர்றாங்க. அவங்க அப்பா வரைஞ்சதை இப்படி நைஞ்ச அட்டையாவா எடுத்து நீட்டுறது? எங்க ஆபீஸ்ல போஸ்டருக்குன்னு வாங்கின பெரிய மெஷின் இருக்கே, அதை நல்லா சூடேத்தி ரெண்டு தடவை விட்டேன். பாருங்க, ஒரு குமிழி இருக்கான்னு!"

இல்லை. ஒரு குமிழிகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளின் அடையாள அட்டையும் அவள் கையால் லேமினேட் ஆவதுதான். அவள் லீவு போட்ட நாளில் வேறு யாராவது மெஷினைத் தொட்டால் பிள்ளைகளின் மூக்குக்கு மேல் கொப்புளம் கிளம்பிவிடும் என்று பெருமையாகச் சொல்வாள்.

"எப்படி இருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"நல்லா இருக்கு" என்றார்.

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அவள் காபி போட உள்ளே போனாள். ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது. அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். துப்பறிவாளனின் தலைக்கு மேலிருந்த வசன பலூனின் வலது கீழ் மூலையில், வழக்கம்போல் நகத்தை வைத்தார். நகம் வழுக்கியது.

படுக்கையறையில் இரண்டு இரும்பு பீரோக்கள். ஒன்றில் துணி. மற்றதில் காமிக்ஸ். அவர் சம்பாதிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பழைய பேப்பர் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை, உறைக்குள் ஒரு விறைப்பான அட்டை. "பொம்மைப் புத்தகத்துக்குச் சட்டை போட்டு விடுறீங்க. எனக்கு ஒரு நாளாவது தலகாணிக்கு உறை மாத்தியிருக்கீங்களா?" என்பாள் மனைவி. அவளுடைய தம்பி வந்தால் இன்னும் மோசம். "மாமா, இந்த ரூம்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று பீரோவைத் தட்டிக் கேட்பான். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். எதிர்த்துப் பேசினால் பேச்சு நீளும். காமிக்ஸ் பீரோவின் பக்கமே வராத மனைவிதான் இன்று அவர் கடைக்குப் போன பிறகு சாவியைத் தேடியெடுத்து, அவருக்காக அதைத் திறந்திருக்கிறாள்.

அவள் லேமினேட் செய்த ஒற்றைப் பக்கம் அச்சான புத்தகத்தைச் சேர்ந்ததல்ல. அச்சுக்குப் போகும் முன் ஓவியர் தன் கையால் தடித்த அட்டையில் வரைந்த அசல். அச்சகத்தை இடம் மாற்றியபோது இப்படிப்பட்ட அசல்களையெல்லாம் கழிவுத்தாளோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு பழைய காமிக்ஸ் கட்டின் அடியில், கட்டு வளையாமல் இருக்க முட்டுக் கொடுத்த அட்டையாக, இது ஒன்று மட்டும் அவர் கைக்கு வந்தது. அந்த ஓவியரின் அசல் வேறு எவரிடமும் இல்லை என்று சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் படம் வரைகிறவர் ஒருவர், வசனம் எழுதுகிறவர் இன்னொருவர். வசனத்தைத் தனித் தாளில் எழுதி, முட்டை வடிவத்தில் வெட்டி, படத்தின் மேல் பசை தடவி ஒட்டுவார்கள். அதைத்தான் பலூன் என்பது. அந்தப் பக்கத்தில் துப்பறிவாளனின் தலைக்கு மேல் பெரிதாக ஒரு பலூன்: 'நில்! ஓர் அடி எடுத்து வைத்தாலும் சுட்டுவிடுவேன்!' வருஷக்கணக்கில் பசை காய்ந்து, அதன் ஒரு மூலை மட்டும் விட்டிருந்தது. நகத்தால் மெல்லத் தூக்கி, பக்கவாட்டில் கடை டார்ச்சை அடித்து, ஒற்றைக் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மாடி ஜன்னல். ஜன்னலில் ஒரு சின்னப் பெண். இரட்டைச் சடை. முன்பல் ஒன்று இல்லை. கீழே துப்பாக்கியோடு நிற்பவனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தில் அவள் இல்லை. வசனம் அவளை மூடிவிட்டது. போட்டோ எடுக்கப் பார்த்தார்; அந்த இடுக்கில் கேமராவுக்குக் கிடைத்தது வெறும் இருட்டு. சேகரிப்பாளர் குழுவிலும் அவர் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே தம்பி காதுக்குப் போகும். "மாமா, பலூனுக்கு அடியில உங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்காமே?" என்பான்.

ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். ஓவியர் இறந்து வெகுகாலம். அவருடைய மகள் வேறு ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார் என்று யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிப் பேசினார். ஜன்னலைச் சொன்னதும் அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"சடையில ரிப்பன் இருக்கா சார்?"

"ஒரு பக்கம் மட்டும் இருக்கு. இன்னொரு பக்கம் அவிழ்ந்திருக்கு."

"அது நான்தான்" என்றார் அந்த அம்மாள். "அப்பா சொன்னாரு சார், இந்த வாரம் உன்னைக் கதையில போட்டிருக்கேன்னு. நான் கிளாஸ் பூரா சொல்லி வெச்சேன். புத்தகம் வந்துச்சு. எல்லாரும் தேடினோம். நான் எங்கயும் இல்ல. பொய்க்காரின்னே பேர் வெச்சுட்டாங்க. அப்பாகிட்ட சண்டை போட்டேன். மேல ஒட்டிட்டாங்கம்மான்னாரு. நான் நம்பல. சாகுற வரைக்கும் நம்பல."

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார் அந்த அம்மாள்.

மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, தகட்டைச் சுவரில் சாய்த்து எட்ட நின்று ரசித்தாள். அவர் டம்ளரோடு வாசலுக்கு வந்து 'டாக்டரை'க் கூப்பிட்டார். நிஜ டாக்டர் இல்லை. கிழிந்த காமிக்ஸுக்கு வைத்தியம் பார்ப்பதால் குழுவில் வைத்த பெயர்.

"சூடு வெச்சு ஒட்டினதா?" என்றார் டாக்டர். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? பிளாஸ்டிக்கைப் பிரிச்சா மேல இருக்கிற மையும் அதோட உரிஞ்சு வந்துடும். உள்ள இருக்கிற பசை உருகி அடியோட பிடிச்சிருக்கும். கையை வெச்சுடாதீங்க. அப்படியே விட்டுடுங்க."

"ஏதாவது வழி..."

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

ஓவியரின் மகளைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. வண்டியில் இருக்கும்போது போனைத் தொட மாட்டேன் என்று அந்த அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். அவரே திரும்பக் கூப்பிட்டபோது பின்னால் ஹார்ன் சத்தம். "நாளைக்குக் காலைல வந்துடறேன் சார்! டிக்கெட் போட்டாச்சு. நேத்திலிருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எவனையாவது இடிச்சுடுவேன் போலிருக்கு!" என்று சிரித்தார். வர வேண்டாம் என்று சொல்ல இவர் வாயெடுத்தார். ஜன்னல் வழியாக மனைவி தெரிந்தாள். தன் துப்பட்டாவால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. மெதுவா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். வெள்ளி முடி, தடித்த வாட்ச், ஆட்களை ஒரே பார்வையில் எடைபோடுகிற கண். மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். வழக்கமாக அவருடைய காமிக்ஸ் நண்பர்கள் வந்தால் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். இன்று தகட்டைத் தானே இரண்டு கையாலும் எடுத்து வந்து நீட்டினாள்.

"நான்தான் பண்ணினேன். உங்க அப்பா கைவேலை, பத்திரமா இருக்கட்டும்னு."

"அழகா பண்ணியிருக்கீங்க" என்றார் மகள். மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவின் கோடுகளை விரலால் தொடர்ந்தார். மழைக்கோட்டின் மடிப்பு, தெருவிளக்கு, நனைந்த கல். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலூனின் மூலைக்குப் போனார். நகத்தை வைத்தார். வழுக்கியது. இன்னொரு தரம் வைத்தார். தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது தூக்குற மாதிரி இருக்கும்னு சொன்னீங்களே?"

அவர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைத் தூக்கணும்?" என்றாள் மனைவி.

மகள் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். "ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்" என்று டீயை எடுத்தார்.

"இல்ல, சொல்லுங்க. எதைத் தூக்கணும்? என்னங்க?"

சொன்னார். ஜன்னல், சடை, நாக்கு எல்லாவற்றையும், கடையில் வாடிக்கையாளருக்குப் பவர் எழுதிச் சொல்கிற குரலில். மனைவி அசையாமல் கேட்டாள். முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைவது போலிருந்தது.

"அவங்ககிட்ட போன்ல சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட சொல்லல."

"நீ சிரிப்பியோன்னு..."

"சிரிச்சிருப்பேன்" என்றாள். "சிரிச்சுட்டு, தொடாம விட்டிருப்பேன்."

எழுந்து போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். "ஓரத்தை மட்டும் வெட்டி மெதுவா உரிக்கிறேன். எத்தனை கார்டு பிரிச்சிருக்கேன்."

"வேணாம். மையும் சேர்ந்து வந்துடும். டாக்டரைக் கேட்டுட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

அவர் கத்தரிக்கோலை வாங்கக் கையை நீட்டினார்.

"நேத்தே தெரியுமா? தெரிஞ்சுதான் ரொம்ப நல்லா இருக்குன்னீங்களா? நான் இவங்ககிட்ட என் வாயால பெருமை பேசுற வரைக்கும் பார்த்துட்டு இருந்தீங்களா?"

கத்தரிக்கோல் மேஜைமேல் விழுந்தது. மகள்தான் முதலில் எழுந்தார். தகட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளியே வெயில். ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். பிளாஸ்டிக் பளபளத்துக் கண் கூசியது. அடியில் தடித்த அட்டை. வெளிச்சம் ஊடுருவ யோசித்தது.

மனைவி போய்த் திரைச்சீலையை முழுதாக ஒதுக்கினாள். தகட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். உருகிய பசை பலூனின் நடுவே பழுப்பாகப் பரவியிருந்தது. அது பசையா, ஜன்னலா, அவர் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"தெரியுதா?" என்றார். பழக்கத்தில் வந்த கேள்வி. கையில் மாற்றிப் போட ஒரு லென்ஸும் இல்லை.

"இருங்க" என்றார் மகள். தகட்டைச் சாய்த்தார். "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் தூக்குங்கம்மா... ஆங்."

"அது சடையா?" என்று மெல்லக் கேட்டாள் மனைவி.

"சடைதான்" என்றார் மகள். "ஒண்ணு அவிழ்ந்திருக்கு."

கடையில் பரிசோதனை அட்டையின் கடைசி வரி எழுத்து தெரியாதவர்கள் உண்டு. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு ஊகித்துச் சொல்வார்கள். குரலை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்; இத்தனை வருஷத்தில் தவறியதில்லை. இப்போது அந்த இரண்டு குரல்களையும் உற்றுக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வெயிலை மேகம் மறைத்தது. ஜன்னல் மங்கியது. தகட்டை இருவரும் இறக்கவில்லை. அப்படியே உயர்த்திப் பிடித்தபடி, மேகம் விலகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.