பார்வதம் டீச்சரின் கோடிட்ட இடம்

மைக்கைப் பிடுங்க சதாசிவம் மேடைப் படிகளில் பாய்ந்து ஏறிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி பார்வதம் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தாள். 1999, மாமல்லபுரத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழா. தலைமையாசிரியை பதவியை ஏற்கிறீர்களா என்று தாளாளர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். "ஐ..." என்றாள். பிறகு "தி போஸ்ட்" என்றாள். நடுவில் வரவேண்டியது வரவில்லை.

வராது என்பது ஊருக்கே தெரியும். தாலி கட்டிய மறுநாள் காலையிலிருந்து பார்வதத்தின் ஆங்கிலத்தில் வினைச்சொல் கிடையாது. மற்ற சொற்களெல்லாம் பத்திரமாக இருந்தன. மாமல்லபுரம் இதை மின்வெட்டைப்போல எடுத்துக்கொண்டது. கரும்பலகையில் அவள் வாக்கியம் எழுதினால் நடுவில் கோடுதான் விழும். பிள்ளைகள் கத்திக் கத்தி நிரப்புவார்கள்; வினைச்சொல்லில் அவள் வகுப்பை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. வெளியிடங்களில் நிரப்புகிறவன் இன்ஜினியர் சதாசிவம். விருந்துகளில் அவள் "ஐ" என்றதும் "குக்" என்பான், "வாஷ்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு மைக்கைப் பிடுங்கி, "ரெஃப்யூஸ்" என்றான்.

"இல்ல சார், எனக்கு அந்த வேலை வேணும்" என்று பார்வதம் தமிழில் சொன்னாள். மேடையில் தமிழ் பேசுகிறவளுக்கு அந்த நாற்காலி எதற்கு என்று சிரித்துவிட்டு, தாளாளர் அடுத்த நடனத்தை அழைத்தார்.

அவள் கட்டிய பட்டுப்புடவையோடு செங்கல்பட்டு பஸ் ஏறினாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் வந்தது கன்னத்தில் விடுகிற "ஸ்லாப்".

அதே நேரத்தில் சதாசிவத்துக்கு வினைச்சொல் போய்விட்டது. மீட்டிங்கில் "தி பம்ப்" என்பான், "தி வால்வ்" என்பான். பம்ப் ஓடுகிறதா, வெடித்துவிட்டதா என்று தெரியாமல் மேலதிகாரிகள் அவன் வாயையே பார்த்தார்கள். செங்கல்பட்டில் வேறொரு பள்ளி பார்வதத்தை உடனே எடுத்துக்கொண்டது. பிற்பாடு அவள் நாவலூர் ஐ.டி. கம்பெனிகளில் இங்கிலீஷ் பாடம் எடுக்கப் போனதும், அவன் பதவி உயர்வில்லாமலே ஓய்வு பெற்றதும் ஊரறிந்தவை.

ஊரறியாதது ஒன்றுதான். அவள் செங்கல்பட்டு வந்த இரண்டாவது மாதம், சமாதானம் பேச அவனுடைய அக்கா ராஜம் வந்தாள். தம்பி ஆபீஸ்ல வாயத் தொறக்க முடியாம கீறான், வந்துடு என்றாள்.

"அவருக்கு எப்பத்திலேந்துக்கா இப்படி?"

"பொறந்ததிலேந்துதான்."

பார்வதம் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

ராஜத்துக்குக் கூச்சமே இல்லை. "பின்ன? வந்த ஜாதகத்தையெல்லாம் தள்ளிட்டு, இங்கிலீஷ் டீச்சரா பார்த்து இன்னாத்துக்குக் கட்டிவச்சோம்னு நெனச்சே?"