பெட்டிக்குள் ஏழாவது குஞ்சு

பெட்டிக்குள் ஏழு குஞ்சுகள் நின்றன. நேற்று மாலை ஸ்ரனிஸ்லாஸ் எண்ணியபோது ஆறு.

ஆறும் மயில்குஞ்சுகள், தவிட்டு நிறம். ஏழாவது மஞ்சள். சந்தேகமே இல்லை, கோழிக்குஞ்சு. வெப்ப விளக்கின் கீழே வீட்டுக்காரனைப்போல் உலாவிக்கொண்டிருந்தது.

முட்டை பொரித்த அன்றே பண்ணைக்காரர் பெதர்சன் விரலை உயர்த்திச் சொல்லியிருந்தார்: கோழி கிட்ட வரக்கூடாது, அதன் நோய் தொற்றினால் மயில் ஒன்றும் மிஞ்சாது. சனிக்கிழமை ஆறும் உயிரோடிருந்தால் அவற்றைப் பார்க்கும் ஸ்ரனிஸ்லாசுக்கு நிரந்தர வேலைக் கடிதம், இல்லாவிட்டால் கூட வேலைசெய்யும் பாலேந்திராவுக்கு. ஒருவருக்கு மட்டும்.

மன்னாரில் இருக்கும் மனைவி யசிந்தாவைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் டென்மார்க் தலைநகர் கொப்பன்ஹேகனில் உறங்கத் தொடங்கி இருபது மாதம். வேலைக் கடிதம் வைத்தால் கோப்பு அசையும் என்று சில்க்போர்க்கில் அந்த 1988ஆம் ஆண்டுக் கோடை முழுவதும் தமிழர் கதைத்துக்கொண்டார்கள்.

கொட்டிலுக்குச் சாவி இரண்டு. ஒன்று இவனிடம். மற்றது பாலேந்திராவிடம். ஒரே அறை, ஒரே வேலை, மனைவிக்காக ஒரே காத்திருப்பு.

மஞ்சள் குஞ்சைப் பிடித்து ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். பாலேந்திரா தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இதை ஆர் உள்ள விட்டது?"

"நான்தான்."

சின்னக் கள்ளன் மறுப்பான். பெரிய கள்ளன்தான் இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்வான்.

"ஆறையும் கொல்லப் பாத்தனீங்களோ?"

"கொல்லுறதெண்டால் சும்மா விட்டிருப்பன். மூண்டு நாளா அதுகள் ஒண்டும் தின்னேல்லை, கண்டனியோ? தாய் சொண்டால எடுத்துக் குடுத்தாத்தான் மயில்குஞ்சு தின்னப் பழகும். கொத்திக் காட்ட ஒரு ஆள் வேணும்."

"கோழியின்ர வருத்தம் தொத்தாதோ?"

"மெசினில பொரிச்சது. இன்னும் நிலத்தில கால் வைக்கேல்லை. உன்ர சப்பாத்தை விடச் சுத்தம்."

ஸ்ரனிஸ்லாஸ் திரும்பிவந்து பெட்டியைப் பார்த்தான். நறுக்கிய அவித்த முட்டை காலடியில் கிடந்தது. ஆறும் அதன்மேல் நின்றபடி வெறுமனே விழித்தன.

அப்போதும் மனம் ஆறவில்லை. பின்னால் வந்து நின்றவரைக் கேட்டான்.

"அந்தக் கடிதம் உங்களுக்கும் வேணும். பிறகேன் எனக்கு உதவி?"

பாலேந்திரா கையைத் துடைத்தார். "என்ர மனிசி கமலாதேவி கனடாவுக்குப் போயிட்டாள். தமையனிட்ட. காத்திருந்து களைச்சுப் போனாளாம். எனக்கு இனி ஏன் கடிதம்? உன்ர சமையலைத் தின்னேலாது ஐசே, உன்ர மனிசியெண்டாலும் வரட்டும்."

"கனடாக் காயிதத்தைக் காட்டுங்கோ."

சொன்ன பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. குடிவரவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அத்தாட்சி எங்கே, முத்திரை எங்கே என்று இவனைக் கேட்ட அதே குரல்.

பாலேந்திரா சட்டைப் பையிலிருந்து நீல உறையை எடுத்து நீட்டினார். அஞ்சல் முத்திரையில் மூன்று வாரத்துக்கு முந்திய தேதி. மூன்று வாரமாக ஒன்றும் அறியாமல் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் இவன்.

உள்ளே இருந்ததைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான். மஞ்சள் குஞ்சைப் பெட்டியில் இறக்கினான். அது ஒருதரம் கொத்தியது. மறுதரம் கொத்தியது. ஆறில் ஆகச் சின்னது கழுத்தை வளைத்து, முட்டைத் துண்டொன்றைக் கவ்வியது.

"வடிவா எண்ணு," என்றார் பாலேந்திரா. "பிறகு குறைஞ்சா என்னைப் பிடிப்பாய்."

ஸ்ரனிஸ்லாஸ் எண்ணித்தான் பார்த்தான்.