ஜெல் மணிகளின் பட்டினி

மாமியார் வாய் திறந்து பேசிவிட்டாள் என்பதற்காகக் கோடிக்கணக்கான ஜீவன்களைப் பட்டினி போட்ட மருமகள், மேரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். திருவள்ளூரிலிருந்து காக்களூர் போகும் சாலையோரம் ஒரு சின்ன மருந்து கம்பெனி. அதன் லேபில் மேரியும் அவள் கணவன் ஆதிகேசவனும் ஒரு கண்ணாடிக் குழாயைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தார்கள். குழாய் நிறைய ஜெல் மணிகள். பார்த்தால் வெந்த ஜவ்வரிசிதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் உயிரோடு பாக்டீரியா. மேலே ஹைட்ரோகார்ட்டிசோன் கரைசலை விட்டால், மூட்டு வீக்கத்துக்கும் மூச்சு இழுப்புக்கும் கொடுக்கிற பிரட்னிசோலோனாக மாற்றிக் கீழே அனுப்பிவிடும். மணிக்குள் அடைபட்டிருப்பதால் கரைசலோடு அடித்துக்கொண்டு போகாது. திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம். ஆனால் பம்பு மட்டும் நிற்கக் கூடாது. காற்றும் கரைசலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று ஆதிகேசவன் கேட்டில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்த நேரம், அவன் அம்மா கோவிந்தம்மா லேபுக்குள் வந்தாள். பதிவுக் கல்யாணம் ஆன நாள் முதல் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாதவள். திருவள்ளூரில் தன் வீட்டு வாசலை அவள் மிதிக்கவும் விட்டதில்லை. மகனும் லேசுப்பட்டவனா? மேரியோடு திருநின்றவூரில் குடிபோனவன், அம்மா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பூஜைக்காவது அம்மாவை அழைக்கும்படி மேரிதான் கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

“இன்னாம்மா இது, பூஜையன்னிக்கும் மிஷினை ஓட்டிக்கினு கீறீங்க? இதுக்கு மட்டும் ஓய்வு வேணாமா? நிறுத்தும்மா” என்றாள் கோவிந்தம்மா.

மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, சுவிட்சை அணைத்துவிட்டாள். கோவிந்தம்மா பம்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, “நாளைக்கு சாயங்காலம் வரிக்கும் தொடாத” என்றாள்.

“சரிங்க அத்தே.”

ரயிலில் திரும்பும்போது ஆதிகேசவன் கேட்டான், “பம்பு ஓடுது இல்ல?” மேரி தலையாட்டினாள். ஒரு நாள்தானே, தாங்கிவிடும் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டாள். அசட்டுத் துணிச்சல்தான், வேறென்ன சொல்வது?

லீவு முடிந்து போனபோது குழாய்க் கரைசல் அசையாமல் நின்றிருந்தது. கீழே இறங்கிய கரைசலைச் சொட்டுவைத்துப் பார்க்கும் சோதனைத் தகட்டில் பிரட்னிசோலோனின் புள்ளி விழவே இல்லை. வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார்; மருந்து வராவிட்டால் இந்த வேலையையே நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

“யாரு நிறுத்தினது?” என்றான் ஆதிகேசவன்.

“நான்தாங்க. பூஜையாச்சேன்னு...”

மாமியார் பேரைச் சொன்னால் அம்மாவுக்கும் மகனுக்கும் ஜென்மத்துக்கும் ஒட்டாது என்று மேரிக்குத் தெரியும். ஆதிகேசவன் கத்தவில்லை. “உனக்குத் தெரியுமே மேரி” என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் நொறுங்கிப்போனாள்.

மணிகளைத் தூக்கியெறிய அவனுக்கு மனம் வரவில்லை. “சோறு போட்டுப் பார்ப்போம்” என்று பெப்டோன் கலந்த சத்து நீரை உள்ளே ஓடவிட்டான். இருவரும் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு குழாய்க்குக் காவல் இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை கோவிந்தம்மா விறுவிறுவென்று வந்து நின்றாள். வாட்ச்மேன் முனுசாமி சந்தையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

“அவள இன்னாத்துக்குக் கோச்சிக்கிற? நாந்தான் நிறுத்தச் சொன்னேன்.”

ஆதிகேசவன் முகம் சிவந்து அம்மா பக்கம் திரும்பினான். மேரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தே எங்கிட்ட பேசினாங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க.”

அவன் மேசைப் பக்கம் திரும்பினான். பிறகு அன்றைய சோதனைத் தகட்டை எடுத்து விளக்கின்கீழ் பிடித்தான். புள்ளி விழுந்திருந்தது, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குப் பெரிதாக. தின்ற தெம்பில் பாக்டீரியாக்கள் மணிக்குள்ளேயே பல்கிப் பெருகியிருந்தன.

“பொழைச்சிக்கிச்சும்மா!” என்று அம்மாவையே பிடித்துக் குலுக்கினான், கோபமெல்லாம் மறந்து.

“அதுங்க துன்னுச்சி, சரி. நீ எப்ப துன்ன? ஊட்ல சோறு வடிச்சி வெச்சிட்டு வந்துக்கீறேன், வா.”

அவன் கிளம்பினான். மேரி நகரவில்லை, அது தனக்கான அழைப்பில்லை என்று தகட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வாசல்வரை போன கோவிந்தம்மா திரும்பிப் பார்த்தாள்.

“மேரி, உன்ன உட்டுட்டு இவனுக்கு மட்டுமா போடப் போறேன்? வா, சோறு ஆறிப்பூடும்.”

மேரி அழுதுகொண்டே, பம்பு ஓடுகிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.