ஹீத்தாமுக்குப் போட்ட சைபர்

நாய்க்கென்று ஒரு டாக்டர் இருப்பதே எனக்கு எண்பத்து மூன்றாம் வருஷத்தில்தான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஹீத்தாமுக்குப் பின்னங்கால் இரண்டும் நான்கு நாளாக எழவில்லை. கறுப்பு நாய், மலாயில் பேரும் அதுதான்; நீள முதுகு, ஏழு வயது. அரிசிச் சாக்கில் போட்டுச் சுமந்துகொண்டு, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த கிளினிக்குக்குப் போய் வாசலில் இறக்கினேன்.

டாக்டர் அருளானந்தம் என்று பலகை. ஆஸ்திரேலியாவில் படித்த பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மேசைமேல் இருந்த கருவியைக் காட்டும்போது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்தான். மீன்கடைத் தராசுக்கு இடுக்கி மாட்டினது போல ஒரு சாமான். கால்விரலை நசுக்கினால் முள் ஓடும். எந்த எண்ணில் நாய் கத்துகிறதோ அதை வைத்து உணர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவானாம். வலியை நிறுத்துப் பார்க்கவா கடல் தாண்டிப் போய்ப் படித்தான்?

பின்னங்கால் விரலை நசுக்கினான். முள் கடைசி வரை போனது. கால் வெடுக்கென்று மடங்கியது. ஹீத்தாம் சத்தம் போடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

“இழுத்துச்சே, பார்த்தியா?” என்றேன்.

“அது ரிஃப்ளெக்ஸ், சவரிராஜ் அங்கிள். கால் தானா மடங்கும். வலி மூளைக்குப் போனா நாய் கத்தும், கடிக்க வரும். இது ஒண்ணுமே செய்யல. தண்டுவடம் போயிடுச்சு லா.” அட்டையில் உணர்ச்சிக்கு சைபர் போட்டான். “ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம்.”

நர்ஸ் லீலா கையெழுத்துக்குத் தாளை நீட்டினாள். முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

வெள்ளைக் கோட்டுக்காரனிடம் நான் உண்மை பேசுவதில்லை. எவன் எங்கே போய் எழுதிக்கொடுப்பான் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் பேசினேன்.

“இது கத்தாது. நான்தான் அப்படிப் பழக்கினேன். நான் இருக்கறது தோ பாயோ கவர்மெண்ட் ஃபிளாட், ஏழாவது மாடி. இந்த சைஸ் நாய் வைக்கக் கூடாது. குட்டியிலேருந்தே வாயத் தொறந்தா கையால அமுக்கிடுவேன். லிஃப்ட் கதவுல வால் மாட்டினப்பகூட அசையாம நின்னுச்சு.”

பையன் சிரித்தான். “எல்லா ஓனரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்வாங்க அங்கிள். மெஷின் பொய் சொல்லாது.”

“முன்னங்கால் நல்லாத்தானே இருக்கு? அத நசுக்கு.”

“எதுக்கு?”

“நசுக்குய்யா.”

நசுக்கினான். முள் கடைசி வரை போனது. கால் மடங்கியது. சத்தம் இல்லை.

“எழுது, இதுக்கும் சைபர். இந்த ரெண்டு காலாலதான் வாசல்லேருந்து ஒடம்ப இழுத்துக்கிட்டு உள்ள வந்துச்சு. அதுவும் செத்துப்போச்சுன்னு எழுது.”

லீலா குனிந்துகொண்டு சிரித்தாள். அவன் முகம் சுண்டிப்போனது.

“கழுத்துல தொங்குதே குழாய், அது என்ன மாலையா? நெஞ்சுல வச்சுக்கிட்டு நசுக்கு.”

குழாயை வைத்து முன்னங்காலை நசுக்கினான். பிறகு பின்னங்கால்கள், ஒவ்வொன்றாக. இன்னொரு முறையும் நசுக்கிப் பார்த்தான். அப்புறம் பேனாவை எடுத்து, போட்ட சைபரைக் கோடு போட்டு அடித்தான்.

“ஹார்ட் குதிக்குது,” என்றான், என்னவோ அவனே கண்டுபிடித்தது போல. “பின்னங்கால் ரெண்டுலயும் வலி தெரியுது. ஆபரேஷன் பண்ணலாம். நடக்கும்னு கேரண்டி இல்ல.”

“உன்கிட்ட யாரு கேரண்டி கேட்டா?”

முதுகில் கோளாறு எந்த இடம் என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டுமாம். “கொஞ்சம் கத்தச் சொல்லுங்க அங்கிள், ஹெல்ப்பா இருக்கும்,” என்றான். கேலியா நிஜமா, தெரியவில்லை.

குனிந்து, “கத்துடா ஹீத்தாம்,” என்றேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. தலையைத் தடவிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனேன். கை வருவதைப் பார்த்ததும் நாய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணையும் மூடியது.

பையன் பார்த்துவிட்டான்.

“நீங்க வெளிய நில்லுங்க அங்கிள்,” என்றான், மெதுவாக.

மறுநாள் முதுகைத் திறந்தான். இரண்டு மாதத்தில் ஹீத்தாம் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தது. அந்தப் பையனைப் படித்த முட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாய் என் கையைப் பார்த்து வாயை மூடியதை இப்போதுதான் சொல்கிறேன்.