கோட்டையடித் தெருவின் உயரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டபோது. சங்ககிரியில், கோட்டையடித் தெருவில் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். படியேறி நுழைய வேண்டிய பழைய ஓட்டு வீடு. நான் தெருவிலிருந்து இறங்கி நுழைந்தேன். குனிந்தும் நெற்றி தப்பவில்லை.

வீடு தாழவில்லை. தெரு உயர்ந்திருந்தது. லாரிகள் போய்வந்து சாலை உடையும்போதெல்லாம், குடியிருப்போர் நலச் சங்கம் பழைய கான்கிரீட்டின் மேலேயே புதியதைப் போட வைத்தது. ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘மழை விட்ட காலையில் சங்கச் செயலாளர் மைதிலி பெருமையோடு தெருவை—’

வேண்டாம். ‘பெருமை’ அவளை இப்போதே குற்றவாளியாக்குகிறது.

மைதிலி கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். அவள் செயலாளரான பிறகுதான் சாக்கடைக்கு மூடி வந்தது. பழைய வீடுகளை இடித்து மாடி கட்டுவது நின்றது. தெருவின் பழைய முகம் மாறாதிருக்க, தெருப்பக்கச் சுவரையும் நிலையையும் யாரும் தொடக் கூடாது என்பது சங்க விதி. கொண்டுவந்தவள் அவள். நாளை போடப்போகும் சாலையைக் கேட்டு வாங்கியவளும் அவளே.

3

சென்னியம்மாள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள். அவள் வீட்டுக்குள் மழைத் தண்ணீர் நிற்கிறது. மைதிலியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஊரு லாரியெல்லாம் நனையாம தெச்சுக் குடுக்கறேன். எம்பட ஊட்டுக்குள்ள பாரு, கப்பல் உடலாம்.”

“புது ரோடு போட்டுட்டா தெருவுல தண்ணி தேங்காதுங்கக்கா.”

“தேங்காது சாமி. நேரா உள்ள வந்துரும். மண்ணுப் போட்டுத் தரையை மேவி நிலையைத் தூக்கிக்கறேன்னா உடமாட்டேங்கறே. ரோட்டை மட்டும் ஏத்திக்கிட்டே போறே. இன்னொருக்கா ஏத்துனா ஊட்டையே இடிச்சுப்போட்டு மாடி கட்டிக்குவேன். உன்ற சங்கம் வந்து தடுக்கட்டும், பாக்கலாம்.”

(முந்தைய பிரதியில் இவளை அழவைத்திருந்தேன். தார்ப்பாயில் ஊசி ஏற்றும் கைக்கு அது பொருந்தவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

மைதிலி சங்கத் தலைவர் மயில்சாமியிடம் போனாள். லாரி உரிமையாளர். பழையதைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் போடலாம் என்றாள்.

“பேத்தா ஒரு மாசம் வண்டி உள்ள வராது அம்மிணி. நீயே கேட்டு வாங்குன ரோடு. இப்ப நீயே வேண்டாங்கறயா?”

“கேட்டது தப்புங்கண்ணா.”

“தப்புன்னா மீட்டிங்ல சொல்லோணும். காலைல கலவை வண்டி வருது. உன்ற கிட்டப் படிக்கற புள்ளைங்களுக்கும் பரீட்சை முடிஞ்சுதான் பாடம் எடுப்பயா?”

இங்கே மைதிலி ஏதாவது சொல்ல வேண்டும். பல பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன். அவள் வீட்டுக்குப் போகட்டும்.

5

காலை. தெருமுனையில் கலவை லாரி. அதன் முன் மைதிலி. ஓட்டுநர் தலையை நீட்டுகிறார்.

“கொட்டறதா, திரும்பறதாங்க மேடம்? உள்ளயே கட்டியாயிரும்ங்க.”

ஒரு முடிவு: கலவை கொட்டுகிறது. தெரு வழவழக்கிறது. சென்னியம்மாள் வீட்டை இடிக்க ஆளுக்குச் சொல்லிவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஆளிடம் விலை கேட்கிறார்.

இன்னொன்று: லாரி திரும்புகிறது. சங்கம் வேறு செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் முதலில் கேட்பது சாலை.

அல்லது விதியைத் தளர்த்துகிறாள். சென்னியம்மாள் நிலையைத் தூக்கி வைக்கிறாள், வீடு காய்கிறது, மற்றவர்களும் தூக்கி வைக்கிறார்கள், பிறகு அந்தப் பழைய தெரு

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

நான் அங்கே குடியிருப்பவனல்ல. எழுதுவதை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கலாம். கலவை காத்திருக்காது. மைதிலி கையை உயர்த்திவிட்டாள். உள்ளே வா என்கிறாளா, திரும்பிப் போ என்கிறாளா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் தெருவையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.